கண்ணுக்குள் ஒரு பூ

வெள்ளை என்று நாம் சொல்லும் துணியெல்லாம் வெள்ளை இல்லை, ஐயா. மாலைப் புகைப்பட வகுப்பில் நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. விளக்கின் முன் பிடித்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன். என் படத்தில் வெளிச்சம் எப்படி அவ்வளவு மென்மையாக விழுந்தது என்று கேட்டீர்கள். வரிசையாகவே சொல்கிறேன். இடையில் எதையாவது விட்டுவிட்டால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிடும்.

முதலில் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வெட்டி விளக்கின் மேல் கவிழ்த்தேன். படத்தில் அம்மா மஞ்சளாக இருந்தாள். "ஏன்டா, எனக்கென்ன காமாலையா?" என்றாள். அடுத்து எண்ணெய் தடவிய காகிதம். அது சூட்டில் கருகியது. அண்ணி எட்டிப் பார்த்தார். "தம்பி, இன்னைக்குச் சமையல் உங்க ரூம்லயா?"

அண்ணி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அம்மா பீரோ சாவியையே அவரிடம் கொடுத்திருந்தாள். பெற்ற பிள்ளைகளை நம்பிக்கூடக் கொடுக்காத சாவி.

அந்தப் பீரோவில் ஒரு மேசை விரிப்பு இருந்தது. கல்யாணத்துக்கு முன் அம்மா தன் கையால் பூத்தையல் போட்டது. துவைத்துத் துவைத்து இழை தளர்ந்த பருத்தி. நீலம் போடாத, நிஜமான வெள்ளை. அண்ணி குளிக்கப் போனபோது, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன். திரும்ப அதே ஆணியில் மாட்டினேன். கோணலாக இருக்கிறதோ என்று மறுபடி போய்ச் சரிசெய்தேன். விரிப்பை வெட்டி, அட்டைப்பெட்டிச் சட்டத்தில் இழுத்து ஒட்டினேன். மூலையில் ஒரு பூ வந்துவிட்டது. போகட்டும் என்று விட்டேன்.

அம்மா விரிப்பைத் தேடினாள். அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"சாவி உன்கிட்டதானேம்மா இருந்துச்சு?"

"நான் அதைத் தொடவே இல்லை அத்தை."

"அப்போ அதுக்குக் கால் முளைச்சிடுச்சா?"

"ஒரு துணிக்காகவா இவ்வளவு?" என்றான் அண்ணன். அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் வெட்டிய துணி ஒட்டிக்கொள்ளுமா? புகைப்படப் போட்டி நாள் வேறு நெருங்கிவிட்டது.

அண்ணி சாவியை மேசைமேல் வைத்தார். "திருடின்னு பேர் வாங்கின வீட்டுல ஒரு வாய்கூட இறங்காது." அண்ணனும் அவரும் வேறு வீடு பார்த்துப் போனார்கள். பெட்டிகளை நான்தான் கீழே இறக்கிக் கொடுத்தேன்.

"நீங்க ஒருத்தராவது என்னை நம்புறீங்களே தம்பி" என்றார்.

நம்பினேன். எனக்குத் தெரியாதா என்ன?

அந்த வாரமே அம்மாவை விளக்கின் முன் உட்கார வைத்தேன். எரிகிற விளக்கை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அழுது சிவந்த கண்கள் அந்த வெளிச்சத்தில் எவ்வளவு அழகு என்று உங்களுக்கே தெரியும்; முதல் பரிசு கொடுத்தவர் நீங்கள்.

ஒரே ஒரு குறைதான். படத்தைப் பெரிதாக்கியபோது, அம்மாவின் கருவிழியில் விழுந்த வெளிச்சக் கட்டத்தின் மூலையில் அந்தப் பூ தெரிந்தது. இரண்டு கண்ணிலும். அம்மா பார்த்திருந்தால் தன் தையலை அடையாளம் கண்டிருப்பாள். அண்ணி அன்றே திரும்பி வந்திருப்பார். கணினியில் இரண்டு பூக்களையும் அழித்தேன். சுத்தமான வேலை.

படம் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. "ஒரு பிள்ளையாவது ஒழுங்கா இருக்கே" என்கிறாள் அம்மா.

அண்ணிக்கும் ஒரு படம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சமீபமாக அவர் கண்ணுக்குக் கீழே நிழல் அதிகம். என் விளக்கு அதைப் பார்த்துக்கொள்ளும்.