கொட்டாத குப்பி

கிருமி இல்லீன்னு எழுதிக் குடுத்துட்டாங்க அம்மணி. இருந்துச்சு.

உக்காரு. மாட்டுக்கிட்டப் போவாத, புது ஆளுன்னா முட்டும். பால் நானே பீச்சித் தாரேன். எத்தன சொட்டு? ரெண்டா? ரெண்டு சொட்டுக்கா கோயமுத்தூர்ல இருந்து காங்கயத்துக்கு பஸ் ஏறி வந்தே?

அந்த வில்லையக் காட்டு. தங்கமா? தூசியிலும் தூசியாக்கிப் பூசுனதா? கிருமி இருந்தா அரை மணியில நெறம் மாறுமாக்கும். ம். இன்னும் சோதனைதானா. செய்யி.

என்ற ஊட்டுக்காரி பூவாத்தாளுக்குத் தொண்ணூத்தி நாலுல காச்சல். அந்தியில ஏறும், விடிஞ்சா எறங்கும். டைபாய்டுன்னு மாத்தர குடுத்தாங்க. கேக்கல. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துக் குப்பியில வெச்சாங்க, கிருமி மொளைக்குதான்னு பாக்க. அஞ்சு நாள் பாத்தாங்க. மொளைக்கல, இல்லீன்னுட்டாங்க. அந்தக் கிருமி மொளைக்க ரெண்டு வாரத்துக்கு மேல ஆகுமாமா. நாலு நாள்ல அவ போயிட்டா.

மூஞ்சிய அப்படி வெக்காத. நாலு வருசமாச்சு.

மாட்டுச் சீக்குதான். எங்க மயிலை மாடு கன்னு வீசிருச்சு. எட்டு மாசச் செனையிலயே கொறையாப் போட்டுருச்சு. பூவாத்தாதான் வெறுங்கையில இழுத்துப் போட்டா. நஞ்சுக்கொடியும் அவதான் அள்ளிப் பொதைச்சா. இங்க எல்லாரும் அப்படித்தேன்.

கேட்டாங்களாவா? கேட்டாங்க. மாடு கன்னு வீசுச்சாங்கன்னு டாக்டர் என்னையத்தேன் கேட்டாரு. அது வெளிய தெரிஞ்சா எம்பட்டிக் காளைய ஒருத்தனும் அவன் பசுவுக்குச் சேக்க மாட்டான். மூணு தலமொறப் பேரு. அப்படி ஒண்ணுமில்லீங்கன்னேன். அவரும் சீட்டுல எழுதிக்கிட்டாரு.

பூவாத்தா பக்கத்துலதான் படுத்திருந்தா. என்னைப் பாத்தா.

கருமாதி அன்னிக்கு லேப்புல இருந்து ஒருத்தரு, குப்பியில கிருமி மொளைச்சிருச்சுன்னு காகிதத்தோட வந்து நின்னாரு. அந்நேரம் மருமக பழனாத்தாளுக்கும் அதே காச்சல். மருந்த மாத்துனாங்க, பொழைச்சுட்டா. அதா, மோர் கொண்டாரா பாரு, அவதான். குடி. காச்சுன பால்ல ஒறை ஊத்துனதுதான்.

அஞ்சாம் நாளு குப்பியெல்லாம் கொட்டிக் கழுவோணும். அது அந்த லேப்புக்காரரு வேல. இத மட்டும் கொட்டல. சீட்டப் படிச்சுருக்காரு. காங்கயத்துக்காரன், பட்டி வெச்சிருக்கறவன், மாட்டுக்கு ஒண்ணுமே இல்லீங்கறானேன்னு எடுத்து ஓரமா வெச்சுட்டாரு.

என்ற பேச்ச நம்பாத ஒரே ஆளு, முஸ்தபா.