துரை விட்டுப்போன கை

சிராங்கூன் ரோட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் இருவர்; துப்பாக்கி சுடும் கிளப்பில் இருப்பவர்கள் போலிருக்கிறது. இளையவர் வலது கையை விரித்து விரித்து மூடினார்.

"நாளைக்குப் போட்டி. அந்தப் பிஸ்டல்ல இருக்கிறது என் கை இல்லண்ணே."

"கையால செஞ்சதுன்னு பெருமையா வாங்குனியே தம்பி? இருபத்தஞ்சு கஜத்துல அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையில போகும்னியே?"

"எனக்கு அதை வித்த வெள்ளைக்காரத் தொரை சுட்டப்போ போச்சு. அவரு கையை அச்செடுத்து, அதுக்குத் தக்கன பிடியைச் செதுக்கியிருக்காங்க. என் விரலு அந்தப் பள்ளத்துல உக்கார மாட்டேங்குது. நேத்து அஞ்சும் இடப்பக்கம் போச்சு."

"என்னோடது சாதா கம்பெனி பிஸ்டல், எல்லார் கைக்கும் சேரும். நீ பிடியை அரத்தால ராவிடு லா."

"ராவினா பிஸ்டலோட மதிப்பு போயிடும். ராவாட்டி குறி போயிடும். என்னண்ணே செய்யறது?"

"தொரை கப்பலேறிட்டாரு, கையை உன்கிட்ட விட்டுட்டு."

சொன்னவர் மட்டும் சிரித்தார். இளையவர் அடுத்த ஸ்டாப்பில் எழுந்தார். இறங்கும்போது கம்பியை இடது கையால்தான் பிடித்தார்.