பதில் சொல்லத் திரும்பிய கழுத்து

என் பெயர் வித்யா, வயது 41, கணவர் பெயர் கலையரசன். சேலம் அழகாபுரத்தில் குடியிருந்துகொண்டு, ஒரு ஸ்கேன் மையத்தில் படம் பார்த்து அறிக்கை தரும் மருத்துவராக இருக்கிறேன். வேறொரு மருத்துவர் பழைய படங்களைப் பார்த்து, என் அறிக்கை தவறு என்று சொன்னதன் பேரில் ஆட்டையாம்பட்டி ஆராயி என்பவர் கொடுத்துள்ள புகார் குறித்து விசாரிக்க, நான் சொல்வதாவது:

கடந்த தை மாதம் ஆராயியின் கணவர், தறி ஓட்டும் சென்னிமலை, வலது கன்னத்தில் புற்றுநோய் என்று கழுத்து ஸ்கேனுக்கு வந்தார். நோய் கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கிறதா, எந்த மண்டலத்தில் என்று நான் எழுத வேண்டும். தாடைக்கு அடியில் இருந்தால் ஒன்று; காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் பெரிய தசைக்கு அடியில் இருந்தால் மேலிருந்து கீழாக இரண்டு, மூன்று, நான்கு; அதன் பின் ஓரத்தைத் தாண்டினால் ஐந்து. எதை எடுப்பது, எதை விடுவது என்று அறுவை மருத்துவர் அந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிப்பார்.

அன்று மைக்கில் நானே பேசினேன். அசையாமல் நேராகப் படுக்கச் சொன்னேன். முகம் பார்க்காமல் பதில் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, என் குரல் வந்த வலப்பக்கம் கழுத்தைத் திருப்பி, "சரிங்க டாக்டரம்மா" என்றார். மறுபடி சொன்னேன். அதற்கும் திரும்பி ஆகட்டுங்க என்றார். எனக்கும் டெக்னீசியன் ஜெயபிரகாஷுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பின் படத்தைப் பார்த்தபோது தலை வலப்பக்கம் திரும்பியபடியே பதிவாகியிருந்தது. அப்படித் திரும்பினால் அந்தப் பக்கத்துத் தசை தளர்ந்து பின்னால் சரிந்து, ஐந்தில் இருக்கும் கட்டியை மூடிக்கொண்டு, அதை மூன்றில் இருப்பதுபோல் காட்டும் என்பது எனக்குத் தெரியும். வெளியே கூட்டம் காத்திருந்ததால் மறுபடி எடுக்காமல், மூன்றாம் மண்டலம் என்று எழுதினேன். தலை திரும்பியிருந்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தாலும் அறுவை மருத்துவர் உஷாராகியிருப்பார். அதையும் எழுதவில்லை.

அதன் பின் அறுவை சிகிச்சையில் ஒன்று முதல் நான்கு வரை எடுத்துவிட்டு ஐந்தை விட்டுவிட்டார்கள். சித்திரையில் தோளுக்கு மேலே கட்டி பெருத்து, மறுபடி என்னிடமே வந்தார். பழைய படத்தோடு ஒப்பிட்டதில், நான் மூன்று என்று எழுதிய கட்டி ஐந்தில் இருந்திருக்கிறது; விட்டுப்போனது அதுவேதான். ஆழத்திலுள்ள தசைகளோடு பிடித்துக்கொண்டதால் இனி அறுத்தெடுக்க வழியில்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

அதன் பின் ஆராயி என் அறைக்கு வந்து, மொதல்லயே ஏனுங்க தெரியலை என்று கேட்டார். சென்னிமலையும் உடன் நின்றார். படம் எடுக்கும்போது அவர் கழுத்தைத் திருப்பிவிட்டார், அதனால்தான் என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அதைச் சொல்லவே கூசுகிறது. ஆராயி அங்கேயே புருஷனைத் திட்டினார். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பி, "தப்பு எம் மேலதானுங்க, மன்னிச்சுப்போடுங்க சாமி" என்றார்.

நான் பரவாயில்லை என்றேன்.

அந்த 'பரவாயில்லை'யையும் விடாமல் எழுதிக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொண்டேன். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) வித்யா