ஸ்கேன் மிஷினும் நண்டுக் குழம்பும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவள். பாம்பனிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு மீனவரும் அவர் மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மக டாக்டராகப் போறாள்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். நீ ஆஸ்பத்திரியில மிஷின் ரிப்பேர்ங்கிற. வேலையில சேர வேணாம், திரும்பிருவோம்."

"அய்யா, பயோமெடிக்கல் படிப்புன்னா அதுதான். நம்ம போட்டுல மீன் காட்டுற பெட்டி கெட்டப்ப என்ன செஞ்சீக?"

"ரிப்பேர் பாக்குற கொச்சிக்காரனைக் கூப்பிட்டேன். அவன் வார வரைக்கும் கடலுக்கே போகலையே! வந்தவனுக்கு நண்டுக் குழம்பு வச்சுல்ல தாங்குனோம்!"

"அது சத்தம் அனுப்பி மீனைப் பாக்குது, ஸ்கேன் மிஷின் வயித்துப் பிள்ளையைப் பாக்குது. கெட்டுப்போனா டாக்டரே கையக் கட்டி நிக்கணும். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொச்சிக்காரன்."

பஸ் இராமநாதபுரம் தாண்டியது. மீனவர் சொன்னார்: "சரி, சேரு. ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க உனக்கு நண்டுக் குழம்பு வைக்காம மிஷினைத் தொடாத."

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை வாசி பார்ப்போம், நண்டை விட்டுவிடாதே.