பொட்டுதானே வச்சேன்

இருங்க, இருங்க... எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டுறீங்க. "பிள்ளை ஏன் இப்படி ஆயிட்டான், எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியலையே சார்"னு கூட்டத்துல பேச வந்த என்னை ஸ்கூல் வாசல்லயே நாலு பேர் பிடிச்சுக்கிட்டீங்க. எனக்கு மட்டும் தெரியுமா? அதனால பதில் சொல்லாம ஒரு கதை சொல்லிடுறேன். சின்னதுதான். டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.

அருப்புக்கோட்டையில சங்கரேஸ்வரின்னு ஒரு அம்மா. என்ன வேலை? ஒரு வீட்டைக் கட்டுறதுக்கு முன்னாடியே, கட்டி முடிச்சா எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல படமா காட்டுறது. குழந்தை பிறந்து அஞ்சு வருஷம் சும்மா இருந்துட்டு, வீட்டுலயே மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க. முதல் முதலா ஒரு பெரிய இன்ஜினியர் நம்பி வேலை கொடுத்தார். "சாயங்காலம் நாலு மணிக்கு வீடு கட்டுற பார்ட்டி பாக்க வர்றாங்கம்மா. அதுக்குள்ள படம் வரலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

மிச்ச வேலை கொஞ்சந்தான். அன்னைக்குக் காலையில ஒம்பது மணிக்கு சுவிட்சைப் போடுறாங்க. உள்ள காத்தாடி சுத்துது. லைட் எரியுது. உர்ர்ருனு சத்தம் வருது. திரையில...? ஒண்ணுமே இல்ல. கறுப்பு. ஓரத்துல 'நோ சிக்னல்'னு ரெண்டு வார்த்தை.

ஓடுது... ஆனா தெரியல! என்னங்க கூத்து இது? மொத்தமா நின்னு போயிருந்தாக்கூட மனசை ஆத்திக்கலாம்.

வீட்டுக்காரர் முத்துவிநாயகம் ஓடி வந்தார். தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டுறவர், தங்கமான மனுஷன். "எர்த் சரியில்லையோ?" வயரை மாத்துனார். "வோல்டேஜ் பத்தலையோ?" பக்கத்து ரூம் பிளக்ல சொருகுனார். அந்தம்மா கேபிளைக் கழட்டி டிவியில மாட்டிப் பாத்தாங்க. டிவியும் கறுப்பு.

"எலி கடிச்சிருக்குமோ?"

"எலி கடிச்சா லைட் எப்படிங்க எரியும்?"

"அதானே!"

அவருக்குக் குழப்பம், அந்தம்மாவுக்குக் குழப்பம். சொல்ற எனக்கே குழப்பமா இருக்கு... கேக்குற உங்களுக்கு எப்படியோ.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாங்க. "கிராபிக்ஸ் கார்டு போயிருச்சு மேடம். நான் வெளியூர்ல இருக்கேன், நாளைக்குத்தான் வருவேன்." கிராபிக்ஸ் கார்டுன்னா? படத்தை வரைஞ்சு திரைக்கு அனுப்புற பலகையாம். அது போயிட்டா கம்ப்யூட்டருக்கு உசிரு இருக்கும், நமக்கு ஒண்ணும் தெரியாது.

மணி ரெண்டு. அந்தம்மாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. "முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானேங்க இருந்துச்சு? நீங்க ஏதாவது கை வச்சீங்களா?"

"நானா? சத்தியமா கை வைக்கலம்மா."

பொய் சொல்றாரா? இல்லைங்க. இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க... அந்த மனுஷன் பொய் சொல்லவே இல்ல.

"சரி, நானே கழட்டிப் பாக்குறேன்"னு அந்தம்மா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாங்க. மூடியைத் திறந்து கார்டை உருவி, திருப்பிப் பாத்தாங்க. அடியில தங்கக் கலர்ல வரிசையா பல்லு மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரை அது தொடுற இடமே அந்த இடந்தான். அந்தப் பல்லு மேல... வரிசையா மூணு சந்தனப் பொட்டு! நடுவுல குங்குமம். காய்ஞ்சு, கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கு.

"என்னங்க இது?"

"நேத்து ஆயுத பூஜையில்லம்மா... நம்ம வீட்டுல உன் தொழில் இதுலதான ஓடுதுன்னு... நீ சமையக்கட்டுல இருந்தப்ப கழட்டித் துடைச்சு, நல்லா மின்னுன இடமாப் பாத்து..."

"கை வைக்கலைன்னீங்க?"

"கையா வச்சேன்? பொட்டுதானம்மா வச்சேன்!"

சிரிங்க, சிரிங்க. ஆனா இன்னும் முடியல.

அந்தம்மா மகளோட அழிரப்பரை எடுத்து அவர் கையில கொடுத்தாங்க. "அழிங்க." அவருக்குக் கை வரல. "பொட்டைப் போய் என் கையால எப்படிம்மா அழிக்கிறது... அதுவும் உன் முன்னாடி வச்சு?" உங்களால ஆகுமா, சொல்லுங்க? என்னால ஆகாது.

மணி ரெண்டரை. அந்தம்மா திட்டல. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாங்க, "நெத்தியில இருந்தாத்தாங்க அது பொட்டு. இங்க இருந்தா அழுக்கு."

அழிச்சார். ஒவ்வொரு பல்லா அழிச்சார். கண்ணு கலங்கிருச்சு அந்த மனுஷனுக்கு. மாட்டி சுவிட்சைப் போட்டா... பளிச்சுனு வீடு தெரியுது! மிச்சத்தை முடிச்சு, நாலுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது அனுப்பிட்டாங்க.

இப்ப உங்ககிட்ட வர்றேன். நம்ம பிள்ளை பேசாம உக்காந்திருக்கான். உள்ள என்னமோ ஓடுது, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நாம எங்க தேடுறோம்? டீச்சரா, செல்போனா, கூடாத சேர்க்கையா... "நீ என்னப்பா பண்ண?"னு நம்மளைக் கேட்டா? "நானா? நல்லதைத் தவிர அவனுக்கு நான் என்ன பண்ணேன்?"

அந்த நல்லதைத் தேடுங்கன்னுதான் சொல்றேன்! விடியக்காலம் எழுப்பிவிட்டது, நாலு டியூஷன் வச்சது, 'உன்னை நம்பித்தான் இருக்கோம்'னு தினம் தினம் சொன்னது... எல்லாம் ஆசை ஆசையா வச்சது. வச்சது எங்க? அவனும் நாமளும் தொட்டுக்கிற இடத்துல. தப்புன்னா ஒத்துக்கிட்டு அழிச்சிரலாம். ஆசையா வச்சதை அழிக்கத்தான் கை வர மாட்டேங்குது.

பெருசா பேசுறேனே, எனக்கும் ஒரு மக சென்னையில வேலை பாக்குறா. சாப்பிட்டியா, தூங்குனியா, பத்திரமா வந்து சேந்தியான்னு ஒரு நாளைக்கு அஞ்சு தடவை போன் பண்ணுவேன். ரெண்டு மாசமா அவ எடுக்கிறதே இல்ல. இங்க வர்ற வழியிலகூட பஸ்ல இருந்து அடிச்சேன். இப்பவும் கை பரபரங்குது... அடிக்காம விட்டா அப்பா மறந்துட்டார்னு நினைச்சுக்குவாளோ? தெரியலைங்க. சத்தியமா எனக்குத் தெரியல.

அம்மா, முன் வரிசையில இருக்கீங்களே... இந்தாங்க, இந்தப் போனை நீங்க வச்சுக்கோங்க. கூட்டம் முடியிற வரைக்கும், நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க.