செல் பிரியும் வரை

மாட்டுங்காவிலிருந்து செம்பூரில் இருக்கும் எங்கள் லேபுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். அன்றும் கிடைத்தது. நான்தான் நின்றுகொண்டே போனேன். இப்போதும் நாற்காலி வேண்டாம் சார், நடந்துகொண்டே சொல்கிறேன். மும்பையில் தமிழ் தெரிந்த போலீஸ் அதிகாரி கிடைத்தது நல்லதாயிற்று.

எங்கள் ஆராய்ச்சி ஈஸ்ட்டில். பாவ் ரொட்டியைப் பொங்க வைக்கிறதே, அதுதான். ஒரே ஒரு செல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அது இரண்டாகப் பிரிவதை நான் படம் பிடிப்பேன். அடுத்து அது என்ன செய்யும் என்று ஜெனிஷ் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வான். இருவரும் பிஎச்.டி. முடித்தவர்கள், ஒரே நிரந்தர வேலைக்குக் காத்திருந்தவர்கள். அடிபட்ட செல் பிரியாமல் செத்துவிடும் என்பது என் கட்சி. மூன்று வருட உழைப்பு அதில் இருந்தது.

"அது நின்னு நெதானிச்சுப் பொழச்சிக்கிடும். நீங்கதான் அவசரப்படுதிய அக்கா" என்று சிரிப்பான் அந்தத் தாராவிக்காரன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இன்சுலின் ஊசி. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்று மேஜையில் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருப்பான். லேபில் தின்பண்டம் கூடாது என்பது விதி. நான் போட்ட விதி இல்லை. அன்று காலை அதைக் குப்பையில் போட்டேன், எறும்பு வரும் சார்.

மைக்ராஸ்கோப் அறைக் கதவைத் திறந்தால் உள்ளே சூடு மாறும், ஃபோகஸ் போகும், அதுவரை எடுத்த படம் பாழ். அடிபட்ட ஒரு செல்லைப் பார்த்தபடி தாழ் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு என்பதால் லேபில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. மத்தியானம் ஜெனிஷ் தட்டினான்.

"ஹரிதாக்கா, சுகர் எறங்கிட்டு. முட்டாயக் காணல. அந்தக் குளுக்கோஸ் பாட்டில மட்டும் தாங்களேன்."

ஈஸ்ட்டுக்கு ஊற்றுகிற குளுக்கோஸ். என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"சித்த இருடா, இப்போ தெரிஞ்சுடும்" என்றேன்.

மறுபடி தட்டினான். அப்புறம் ஏதோ சரிகிற சத்தம். ஒன்றும் கேட்கவில்லை என்று நேற்று எழுதிக் கொடுத்தேன். கேட்டது சார். என் கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அந்தச் செல் செத்ததைப் பார்த்துவிட்டால் என் மூன்று வருடம் பிழைத்துவிடும், அவ்வளவுதான்.

வெளியே சத்தம் அடங்கி வெகு நேரம் கழித்துத்தான் செல் அசைந்தது. மொட்டு விட்டது, அது வளர்ந்து இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் உயிரோடு, அவன் சொன்னபடியே.

படம் எங்கே என்று கேட்டீர்கள். முதலில் அதை அழித்தேன். பிறகுதான் கதவைத் திறந்தேன். வாசலில் கிடந்தான். சட்டையெல்லாம் வியர்வை, மூச்சு இல்லை.

எனக்கும் வருத்தம்தான், நல்ல பையன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தச் செல் அவ்வளவு நேரம் பொறுத்திருந்தது. ஜெனிஷுக்குத்தான் பொறுமை போதவில்லை.