படியோரத்தில் மூன்று அடி

— அந்த மூலையில வேண்டாம்மா. முதல்ல இந்தப் படிக்குக் கீழ இருக்கிறதைத்தான் எடுக்கணும்.

— கொல்லைத் தரை மொத்தத்தையும் பேர்க்கத்தானே போறீங்க மேஸ்திரி? எங்க ஆரம்பிச்சா என்ன?

— வலி இருக்கிற இடத்துலதானே கை வைக்கணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க... இதோ. பார்த்தீங்களா? கல்லுக்கு அடியில பள்ளம். கையே போகுது. ஏம்மா, முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க?

— பார்க்கிறேன். சொல்லுங்க.

— இங்கதானே சார் விழுந்தார்?

— ஆமா. துணி வாளியைத் தூக்கிட்டு இறங்கினார். கொடியில போடுறதுக்கு. ஈரத்துணி, நல்ல கனம்... படியை விட்டுக் கால் வெச்சதும் கல் ஒரு பக்கமா சாய்ஞ்சுது. முதுகு போய் அந்தப் படி விளிம்புல...

— சரி. விடுங்கம்மா.

— ரெண்டரை மாசம் ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரார். சக்கர நாற்காலியில. முன்பக்கம் ஏழு படி, தூக்க ஆள் இல்ல. இந்தப் பின்பக்கமாத்தான் உள்ளே தள்ளிட்டுப் போகணும். அதனாலதான் அவசரம்னு சொன்னேன்.

— வெள்ளிக்குள்ள முடிச்சுடலாம். ஆனா அவசரம்னு மட்டும் சொல்லாதீங்க. இந்த வேலையில ஆகாத வார்த்தை அது ஒண்ணுதான்.

— எல்லாக் கல்லையும் எடுத்தே ஆகணுமா? இறங்கின கல்லை மட்டும் எடுத்து, அடியில மணலைக் கொட்டி மேடாக்கினா போதும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார்.

— அவர் என்ன வேலை பார்க்கிறார்?

— பேங்க்ல.

— அப்ப நாளைக்கு நான் அவர் பேங்க்குக்குப் போய் யோசனை சொல்லட்டுமா?

— சிரிக்க வைக்காதீங்க மேஸ்திரி. வாய் மறந்து போச்சு.

— கிழிஞ்ச சட்டை மேல புதுச் சட்டை போட்ட கதைதான் அது. மணல் ஒரு இஞ்ச்தான் இருக்கணும். அதுக்கு மேல போனா மழையில கரைஞ்சு இறங்கிடும். பாரம் தாங்குறது மணல் இல்லம்மா. அதுக்கும் கீழ இருக்கிற ஜல்லி.

— இங்க ஜல்லி இல்லையா?

— இருக்கே. நாலு இஞ்ச், குறையாம போட்டிருக்கு. கல் நகராம ஓரத்துல கட்டின கல்லும் ஆடல. எல்லாம் சரி. படியோரம் இந்த மூணு அடி மட்டும் இறுக்கல.

— இறுக்கலன்னா?

— ஜல்லியை அதிர வெச்சு இறுக்குற மெஷின் இங்க ஓடல. கட்டையால அடிச்சு விட்டிருக்கு. மேல இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது, ராஜா மாதிரி இருக்கும். ரெண்டு மழைக்காலம் தாங்கும். மூணாவதுல...

— மூணாவதுலதான் ஆட ஆரம்பிச்சுது. நான் அது மேல ஒரு பூந்தொட்டியை வெச்சு மறைச்சேன். செடிக்கு வெயில் படலன்னு அவர்தான் நகர்த்தினார்.

— உங்க மேல என்ன தப்பு? போட்டவன் சரியில்ல. அவனைத் திட்டுங்க. வாய்விட்டுத் திட்டுங்க.

— எதுக்குத் திட்டணும்? அவருக்கு என்ன நிர்ப்பந்தமோ.

— நிர்ப்பந்தமாவது மண்ணாவது! மறுநாள் வந்து முடிச்சிருக்கலாம்ல? வந்தானா?

— நீங்க ஏன் இவ்வளவு கோபப்படறீங்க?

— ...தொழில் கோபம்மா. இந்தக் கல்லெல்லாம் நல்ல கல்தான். கழுவி அடுக்கி வைக்கச் சொல்றேன். புதுசு வேண்டாம்.

— ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வாட்டம் எதுவும் வைக்காம, தட்டு மாதிரி சமமா போட்டுடுங்களேன். நாற்காலி தானா உருண்டு போயிடுமோன்னு பயமா இருக்கு.

— அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. தட்டு மாதிரி போட்டா தண்ணி நிக்கும். நின்ன தண்ணி பாசி பிடிக்கும், இல்லேன்னா சுவருக்குள்ள போகும். அடிக்குக் கால் இஞ்ச், வீட்டை விட்டு வெளியே போற மாதிரி வைக்கிறேன். அது வண்டிக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும்.

— இனிமே ஒரு தப்பும் நடக்கக்கூடாது மேஸ்திரி. ஒரு சக்கரம் இடுக்குல மாட்டினாக்கூட அவரால இறங்கி எடுக்க முடியாது.

— மாட்டாது. இடுக்குல எல்லாம் மணல் கூட்டித் தள்ளி மெஷின் ஓட்டுவேன். அது இறங்கினதும் மறுபடி மணல், மறுபடி மெஷின். படிக்கு மேல ஒரு சாய்வும் கட்டித் தரேன். போதுமா?

— உங்க நம்பரை அவர்தான் கொடுத்தார். ஆஸ்பத்திரியில யாரோ சொன்னாங்களாம், நல்ல ஆள்னு.

— ம்... மண்வெட்டியை இப்படிக் கொடுங்க.

— டீ வெச்சு எவ்வளவு நேரமாச்சு. ஆறிப் போச்சு பாருங்க.

— ஆறட்டும். படியோரத்துப் பழைய ஜல்லி மொத்தமும் அள்ளியாச்சு. கெட்டி மண் தெரியுது. இனி ரெண்டு இஞ்ச் ஜல்லி, தண்ணி தெளிச்சு மெஷின். அப்புறம் இன்னும் ரெண்டு இஞ்ச், மறுபடி மெஷின். நாலையும் ஒரேயடியா கொட்டினா மேல்தோல்தான் இறுகும்.

— சரி, ஓட்டுங்க. நான் உள்ளே இருக்கேன்.

— வேண்டாம்மா. இங்கயே நில்லுங்க.

— எதுக்கு?

— மட்ட நூலைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.

— வாசல்ல ஜல்லி இறக்கிட்டு ரெண்டு பேர் நிக்கிறாங்களே!

— அவங்க இறக்கட்டும். நீங்க பிடிங்க.

— மேஸ்திரி, எனக்கு அந்தச் சத்தம்...

— தெரியும்.

— என்ன தெரியும்?

— இல்ல... யாருக்குத்தான் பிடிக்கும்னு சொல்ல வந்தேன். மெஷினைப் போடட்டுமா?

— போடுங்க.

— என்ன? கேக்கல!

— போடுங்கன்னேன்!

— நூலைத் தளர விடாதீங்க! கண்ணை ஏன் மூடிக்கிட்டீங்க?

— ஒண்ணுமில்ல!

— என்னம்மா?

— ஒண்ணுமில்ல, நிறுத்தாதீங்க! ஓட்டுங்க... ஏன் நிறுத்திட்டீங்க?

— அழறீங்களே.

— தூசி.

— தண்ணி தெளிச்ச ஜல்லிம்மா. தூசி ஏது? படியில உக்காருங்க. காலையிலேர்ந்து ஒண்ணை மறைச்சு வெச்சிருக்கேன், சொல்லிடறேன். இந்தத் தரையைப் போட்டவன்... நான்தான்.

— தெரியும்.

— தெரியுமா? எப்படி?

— அந்தக் கல் ஆடுறது கால் வெச்சாத்தான் தெரியும். நீங்க கால் வைக்கவே இல்ல. கேட்டைத் திறந்து நேரா இந்தப் படிக்குக் கீழ வந்து உக்காந்தீங்க. எந்த இடம்னு நான் சொல்லவே இல்லையே.

— தெரிஞ்சுமா டீ போட்டுக் கொடுத்தீங்க?

— நான் சொல்றதையும் கேளுங்க. அப்புறம் அந்த டீயைக் குடிக்கிறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. தரை போட்ட அன்னிக்கு ஜன்னல்லேர்ந்து ஒரு பொம்பளை கத்தினாளே... ஞாபகம் இருக்கா?

— ...இருக்கும்மா.

— "அந்தச் சனியனைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்க"ன்னு. திரையைக்கூட நான் விலக்கல. கீழ இருக்கிறது யார், எப்படி இருப்பார், ஒண்ணும் பார்க்கல. தலைவலி மேஸ்திரி. வெறும் தலைவலி. மாத்திரையைப் போட்டுப் படுத்தேன். எழுந்தப்ப நீங்க யாரும் இல்ல, தரை பளபளன்னு இருந்தது.

— அரை மணி பார்த்தோம். ஒரு மணி பார்த்தோம். மூணு மணி நேரம் ஆயிடுச்சு. ஆறு மணிக்கு வாடகை மெஷினைத் திருப்பணும். கதவைத் தட்டி "அம்மா, போடட்டுமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. மறுநாள் வரலாம்னு நினைச்சேன். மறுநாள் வேற இடத்துல வேலை. நிறுத்துன்னது நீங்க. மூடி மறைச்சுட்டுப் போனது நான்.

— அவர்கிட்ட இன்னும் சொல்லல.

— எதை?

— நிறுத்தச் சொன்னது நான்னு. அதனாலதான் கல் இறங்கியிருக்கும்னு விழுந்த அன்னிக்கே மனசு சொல்லிச்சு. தினமும் பக்கத்துல உக்காந்து காலைப் பிடிச்சு விடறேன். பிடிக்கிறதுகூட அந்தக் காலுக்குத் தெரியல. இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறுவேன். பார்த்ததும் "நேத்தாவது தூங்கினியா?"ம்பார். தூங்கினேன்னு பொய் சொல்லிட்டு வந்துடுவேன். வெள்ளிக்கிழமை இந்த வழியா வருவார், இந்தப் படியைப் பார்ப்பார்... எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் நாற்காலியைத் தள்ளுவேன்?

— ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. நூலை எடுங்க, இன்னும் ரெண்டு இஞ்ச் பாக்கி இருக்கு.

— நான் என்ன பேசிட்டிருக்கேன், நீங்க நூலைப் பிடிக்கச் சொல்றீங்க!

— ஆஸ்பத்திரியில யாரோ என் நம்பரைக் கொடுத்தாங்கன்னீங்களே. அந்த யாரோ நான்தாம்மா.

— நீங்களா? நீங்க எதுக்கு அங்க...

— சார் விழுந்த விஷயம் போன வாரம்தான் காதுல விழுந்தது. நீங்க இல்லாத நேரம் பார்த்துப் போனேன். என் தப்புதான், அவசரத்துல விட்டுட்டேன்னு சொன்னேன். உங்க பேச்சை நான் எடுக்கவே இல்ல.

— அவர் என்ன சொன்னார்?

— "பாதிதான் சொல்றீங்க மேஸ்திரி"ன்னார்.

— பாதியா?

— அன்னிக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள நீங்களே சொன்னீங்களாம். "தலைவலி தாங்கல, மெஷினை நிறுத்தச் சொல்லிட்டேன்"னு. நீங்க சொன்னதை மறந்துட்டீங்க. அவர் மறக்கல.

— அப்ப... விழுந்த அன்னிலேர்ந்து அவருக்கு...

— விழுந்த அன்னிலேர்ந்தே தெரியும்மா. நீங்களா சொல்றவரைக்கும் நானும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். இன்னொண்ணும் கேட்டார். "மெஷின் ஓடுறப்ப அவளை உள்ளே போக விடாதீங்க மேஸ்திரி. கடைசிக் கல் இறுகுற வரைக்கும் பக்கத்துலயே நிக்கட்டும். அன்னிக்காவது அவ தூங்குவா"ன்னார்... நூலைப் பிடிங்கம்மா.